வாசகர் கேள்வி–பதில்: போதிகையைப் பார்க்கிறதா, பெயின்டைப் பார்க்கிறதா?

கேள்வி: காங்கேயம், தாராபுரம் பக்கம் 40 தொட்டிக்கட்டு வீடுகளில் (நடுவில் வானம் பார்த்த முற்றம் வைத்தவை) மரத்தூண், போதிகை (தூண் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் கட்டை), நிலைவாசல் என்று 800 படம் எடுத்து, பாணியைப் பிரித்துச் சொல்ல ரெஸ்நெட் என்ற, படம் பார்த்து அடையாளம் சொல்லும் கணினி மாடலைப் பழக்கினோம். சோதனையில் 97 சதவீதம் சரி. அந்தியூரில் எடுத்த படங்களைக் கொடுத்தால் பாதிக்குப் பாதி தப்பு. என்னங்க காரணம்?
– வாசகர், காங்கேயம்

பதில்: 800 படங்களையும் கலைத்துப் போட்டுத்தானே பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தீர்கள்? ஒரே வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) எடுத்த 20 படங்களில் 16 பயிற்சிக்கும் 4 சோதனைக்கும் போயிருக்கும். அந்த வீட்டுச் சுவரையும் தூணில் பூசிய பச்சைப் பெயின்டையும் மாடல் மனப்பாடம் செய்துகொண்டது. 97 என்பது பார்த்து எழுதிய பரீட்சை மார்க்.

ஒவ்வொரு படத்துக்கும் வீட்டு எண் கொடுங்கள். சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில், ஒரு வீட்டுப் படங்களைப் பிரிக்காமல் பங்கு போடும் குரூப்-கே-ஃபோல்ட் இருக்கிறது. அதன் மூலம் வீடுகளை எட்டெட்டாக 5 பங்கு வைத்து, ஒவ்வொரு பங்காகச் சோதனைக்கு ஒதுக்குங்கள். மார்க் சரியும், சரியட்டும். பிறகு கிராட்-கேம் போட்டுப் பாருங்கள். மாடல் எதைப் பார்த்து முடிவெடுத்தது என்பது படத்தின் மேல் சிவப்பாகத் தெரியும். ஓட்டிலும் சுவரிலும் சிவப்பு விழுந்தால் பயிற்சி வீண்.

அடுத்த கோளாறு அளவில். ரெஸ்நெட்டுக்கு வழக்கமாகக் கொடுப்பது 224-க்கு 224 பிக்சல் படம். 4000 பிக்சல் அகலப் படத்தை அதற்குள் சுருக்கினால், அதில் 400 பிக்சல் இருந்த போதிகை 22 பிக்சலாகிவிடும். முனையில் பூ செதுக்கியதா, வெறும் வெட்டா என்று அதில் ஆசாரிக்கே தெரியாது! போதிகை, தூண், நிலை ஒவ்வொன்றையும் தனியாக வெட்டி, உறுப்புக்கு ஒரு லேபிள் கொடுங்கள். வீடு முழுக்க ஒரே லேபிள் ஒட்ட வேண்டாம். ஒரே வீட்டில் தாத்தா காலத்துத் தூணும் பேரன் மாற்றிய கதவும் இருக்கும்.

படமெடுக்கும்போது அகலக் கோண லென்ஸ் வேண்டாம், தூண் வளையும். பத்தடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். தொட்டி வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் செதுக்கு வேலை கரிக்கட்டையாகிவிடும்.

பாணியை வைத்துக் காலம் சொல்லாதீர்கள். கோயில் கற்போதிகைக்கு ஓடும் கணக்கு வீட்டு மரத்துக்கு ஓடாது, பழைய தூணைப் பிடுங்கிப் புது வீட்டில் நடுவது இங்கே சகஜம். கூரை ஓட்டுக் கதையும் அப்படித்தான். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் ஓட்டு ஆலை தொடங்கியது 1865-ல். மேலே அந்தச் சீமை ஓடு கிடந்தாலும் கீழே ஓட்டைத் தாங்கும் கைமரம் அதற்கு முந்தையதாக இருக்கலாம்.

கேள்வி: தேக்கா வேங்கையா என்று போட்டோவை வைத்தே சொல்லிவிடுமா?
– வாசகர், கோபி

பதில்: எண்ணெயும் பெயின்டும் ஏறிய மேற்பரப்பை வைத்துச் சொல்லாது. குறுக்கு வெட்டைச் சீவி 10 மடங்கு லென்ஸில் எடுத்த படம் வேண்டும். தேக்கில் வளையத்தை ஒட்டிப் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். வேங்கைக்கு மாடலே தேவையில்லை. வைரப்பகுதியில் (மரத்தின் நடுவே கெட்டியான பகுதியில்) கொஞ்சம் சீவலெடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் பாருங்கள், நீலம் மினுங்கும்.