டல்லிச் கிராமம்: ஒரு நடிகர் எழுதிவைத்த நிலம்

அன்புள்ள தங்கைக்கு,

கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் வேலை கிடைத்திருப்பதாகவும், டல்லிச் கிராமத்தில் வாடகைக்கு வீடு பார்ப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். லண்டன் மாநகருக்குள் இருக்கும் ஓர் இடத்தை ஏன் எல்லோரும் கிராமம் என்கிறார்கள், அங்கே யார் யார் வாழ்ந்தார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். அதன் அருகிலேயே பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு இது மிகவும் பிடித்த கேள்வி.

சுற்றிலும் நகரம் பெருகிய பிறகும் டல்லிச் கிராமத்தின் தோற்றம் மாறாமல் இருப்பதற்கு எட்வர்ட் அலெய்ன் என்ற நடிகரே முதற்காரணம். நாடக ஆசிரியர் மார்லோ படைத்த நாயகர்களாக மேடையில் நடித்துப் பெரும்புகழ் பெற்ற அவர், நாடக அரங்குகளிலும், அக்காலத்து மக்கள் காசு கொடுத்துப் பார்த்த கரடிச் சண்டைகளிலும் ஈட்டிய பணத்தைக் கொண்டு 1605இல் இந்த நிலத்தை வாங்கத் தொடங்கினார். பிள்ளை இல்லாத அவர், 12 ஏழைச் சிறுவர்கள் படிப்பதற்கும், ஆதரவற்ற ஆண்கள் 6 பேரும் பெண்கள் 6 பேரும் தங்கி வாழ்வதற்கும் ஓர் அறநிலையத்தை 1619இல் அரசரின் பட்டயத்தோடு நிறுவி, நிலத்தை அதற்கே எழுதிவைத்தார். நம் ஊரில் கோயிலுக்கு விட்ட நிலம் தலைமுறைகள் கடந்தும் சாமியின் பெயரிலேயே இருப்பதைப் போல, இந்த நிலமும் துண்டு துண்டாகச் சிதறிப்போகவில்லை. நிலையத்தின் தலைவர் தம் குடும்பப் பெயரைக் கொண்டவராகவே இருக்க வேண்டும் என்று அவர் விதித்திருந்ததால், 1857இல் நாடாளுமன்றச் சட்டம் வந்து மாற்றும்வரை அலெய்ன் அல்லது ஆலன் என்று பெயருள்ளவர்களையே தேடிப் பிடித்து அமர்த்தினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதைகள் இந்த நிலத்தைக் கடந்தபோது, பாலங்கள் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று அறநிலையம் வலியுறுத்தியது. அவற்றுள் சில இன்றும் சாலைகளின் மேல் நிற்கின்றன. ரயில் நிறுவனங்கள் கொடுத்த இழப்பீட்டுப் பணம், 1870இல் திறக்கப்பட்ட டல்லிச் கல்லூரியின் சிவந்த கட்டடத்தை எழுப்ப உதவியது. எழுத்தாளர் வுட்ஹவுஸும் தென்துருவப் பயணி ஷாக்கில்டனும் அங்கே படித்தவர்கள். 1916இல் ஷாக்கில்டனும் ஐந்து தோழர்களும் சுமார் 800 கடல் மைல் கடந்த 'ஜேம்ஸ் கெயர்ட்' என்ற சிறு படகு இன்றும் கல்லூரியின் பாதுகாப்பில் உள்ளது. அவ்வளவு பெரிய கடலை இவ்வளவு சிறிய மரக்கலத்தில் எப்படிக் கடந்தார்கள் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் வியந்து நிற்பேன்.

ஓவியக் கூடத்துக்குத்தான் நீங்கள் முதலில் போக வேண்டும். போலந்து அரசருக்காக ஓவிய வணிகர் டெசன்ஃபான்ஸும் அவருடைய கூட்டாளியான ஓவியர் பூர்ஷ்வாவும் சேர்த்த ஓவியங்கள், 1795இல் அந்த நாடே பங்கு போடப்பட்டு மறைந்ததால் அவர்களிடமே தங்கிவிட்டன. 1811இல் பூர்ஷ்வா அவற்றை டல்லிச்சுக்கு எழுதிவைத்தார். கட்டடக் கலைஞர் ஜான் சோன் வடிவமைத்த கூடம் 1817இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கூரையில் பதித்த கண்ணாடி வழியே இறங்கும் வெளிச்சத்தில் ஓவியங்களைப் பார்க்கலாம். டெசன்ஃபான்ஸ் தம்பதியரும் பூர்ஷ்வாவும் அந்தக் கூடத்தோடு ஒட்டிய கல்லறை அறையிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ரெம்பிராண்ட் வரைந்த ஜேக்கப் டி கெய்னின் படம், கையில் எடுத்துப் போகக்கூடிய அளவில் இருப்பதால் 1966க்கும் 1983க்கும் இடையே நான்கு முறை திருடுபோயும் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்துவிட்டது.

வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்றைக்கும் சுமார் 1,500 ஏக்கர் இந்த அறநிலையத்தின் மேற்பார்வையில் இருக்கிறது. வீட்டைச் சொந்தமாக வாங்கியவர்கள்கூட அதன் அனுமதியின்றி முகப்பை மாற்றவோ மரத்தை வெட்டவோ கூடாது. இந்தக் கட்டுப்பாடு சிலருக்கு எரிச்சலூட்டினாலும், கிராமத்தைக் காப்பாற்றியது இதுதான் என்பது என் எண்ணம். நீங்கள் கார் வாங்குவதாக இருந்தால், காலேஜ் சாலையிலுள்ள பழைய சுங்கச் சாவடியில் இன்றும் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதையும், நடந்து போகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.