மூன்றாம் கவுன்டர்: ஸ்க்விட் கேம் ஆட்கள்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, ஸ்க்விட் கேம் என்ற கொரியத் தொடரின் மூன்று சீசனும் பார்த்து முடித்துவிட்டதாக ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பிரிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. ஆகவே இந்தத் தடவை மற்ற கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் கூட்டுறவு வங்கி ஒன்றில் 29 வருடம் நகைக்கடன் கவுன்டரில் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவள். பகுதியின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். யார் செத்தார், யார் பிழைத்தார் என்று சொல்லாமல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது.

கே: கடனில் மூழ்கிய 456 பேரைப் பரிசுப் பணம் காட்டி ஒரு தீவுக்குக் கொண்டுபோய், சின்னப் பிள்ளைகள் விளையாட்டு வைத்து, தோற்றவரைச் சுடுகிறார்கள். இத்தனை பேரில் உங்கள் மனதில் நின்றவர் யார்? (கல்லூரி மாணவி, திருச்சி)

எல்லோரும் கதாநாயகன் கி-ஹுன் என்பார்கள், இல்லையென்றால் பாகிஸ்தான் தொழிலாளி அலி. எனக்கு சாங்-வூ. 218ஆம் எண். அடிக்க வராதீர்கள்.

அவன் சோலில் சாங்முன்-தோங் என்ற சாதாரணப் பேட்டையில் வளர்ந்தவன். சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தவன். அம்மா சந்தையில் மீன் விற்கிறாள். தெருவே "நம்ம பிள்ளை" என்று கொண்டாடுகிறது. இவனோ முதலீட்டு நிறுவனத்தில் வாடிக்கையாளர் பணத்தை எடுத்துச் சூதாடி, 600 கோடி வோன் கடனோடு நிற்கிறான். அம்மாவின் வீட்டையும் கடையையும் அடமானம் வைத்தாயிற்று. அவளுக்குத் தெரியாது. பிள்ளை அமெரிக்காவுக்கு அலுவல் விஷயமாகப் போயிருக்கிறான் என்று நம்பி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இந்த முகத்தை நான் கவுன்டரில் பார்த்திருக்கிறேன். அம்மாவின் ரெட்டைவடச் செயினைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவருவான். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்க்கும்போது அந்தப் பக்கம் திரும்பமாட்டான், சுவரில் இருக்கும் காலண்டரையே பார்ப்பான். கையெழுத்து மட்டும் அழகாக, ஆங்கிலத்தில். ஏல நோட்டீஸை வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம், அலுவலகத்துக்கு அனுப்புங்கள் என்பான். ஏழைகள் அப்படிக் கேட்பதில்லை. ஏழைகளுக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சாங்-வூ கெட்டவனா என்று கேட்டால், ஆமாம். எந்தக் கண்ணாடி உடையும் என்று தெரியாமல் தாண்டிப்போக வேண்டிய கண்ணாடிப் பாலத்தில் முன்னால் நின்றவரைத் தள்ளினான். குற்றுயிராய்க் கிடந்த சே-பியோக் என்ற பெண்ணைக் குத்தினான். ஆனாலும் கடைசி மைதானத்தில், மழையில், கத்தியைத் தன் கழுத்திலேயே இறக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறானே, அங்கே நான் டிவியை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஒரு சின்ன விஷயம். சாங்-வூ தன் நஷ்டத்தைச் சொல்லும்போது "சொன்முல்" என்கிறான். கொரிய மொழியில் அதற்கு இரண்டு அர்த்தம்: பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ் வணிகம், அப்புறம் அன்பளிப்பு. கி-ஹுனுக்குத் தெரிந்தது இரண்டாவதுதான். யாருக்கு அவ்வளவு விலையில் பரிசு வாங்கினாய், பெண் விவகாரமா என்கிறான். ஒரே தெருவில் வளர்ந்த இருவருக்கு நடுவில் எவ்வளவு தூரம் விழுந்துவிட்டது என்பதை அந்த ஒரு சொல்லிலேயே காட்டிவிட்டார்கள்.

கே: என் தம்பி கொரியாவில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான். அலியைப் பார்த்து அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. உண்மையிலேயே அப்படித்தானா? (வவுனியா வாசகி)

முதலில் அம்மாவைத் தம்பியோடு வீடியோவில் பேச வையுங்கள். அவன் சாப்பிட்ட தட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி போயிருப்பது 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் என்று நினைக்கிறேன். கொரிய மொழித் தேர்வு எழுதிவிட்டு அரசு வழியாகப் போவது. இலங்கையும் பாகிஸ்தானும் அதில் உண்டு, இந்தியா கிடையாது. அலி பாகிஸ்தானியாகக் காட்டப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், இது என் ஊகம்தான். நடித்த அனுபம் திரிபாதி டெல்லிக்காரர். 2010இல் உதவித்தொகையோடு சோலுக்குப் போய் அங்கே நடிப்புப் படித்தவர்.

அலிக்கு முதலாளி மாதக்கணக்கில் சம்பளம் தரவில்லை, வேலையில் விரல்களும் போயின. எல்லாத் தொழிற்சாலையும் அப்படி என்று சொல்ல நான் யார்? ஆனால் அவன் பேசும் முறையைக் கவனித்தீர்களா? சாங்-வூவை எடுத்தவுடன் "சாஜாங்-நிம்" என்று கூப்பிடுகிறான். முதலாளி என்று அர்த்தம், "நிம்" நம் "ங்க" மாதிரி மரியாதை. ஊருக்குப் பேருந்துக்காசு கொடுத்த மனிதன் அவனுக்கு முதலாளிதான். சில நாள் கழித்து சாங்-வூ, முதலாளி என்று சொல்லாதே, "ஹியோங்" என்று கூப்பிடு என்கிறான். ஹியோங் என்றால் அண்ணன். ஆங்கில சப்டைட்டிலில் இந்த இரண்டு சொல்லும் காணாமல் போய்விடுகின்றன. தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒருத்தன் நம்மை "அண்ணே" என்று கூப்பிடும்படி செய்துவிட்டு அவன் பையில் கைவிடுவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும்.

கோலி விளையாட்டில் அலிதான் ஜெயித்துக்கொண்டிருந்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று அண்ணன் கோலிப் பையை அவன் கழுத்தில் கட்டிவிடுகிறான். அலி நன்றி சொல்கிறான். பையைத் திறந்தால் உள்ளே கூழாங்கல். அண்ணனைத் தேடிக்கொண்டே நிற்கிறான். முதல் விளையாட்டில் தடுக்கி விழப்போன கி-ஹுனை ஒரு கையால் சட்டையைப் பிடித்துத் தாங்கினவன் இவன்தான், முன்பின் தெரியாத ஆளுக்காக.

கே: போட்டியாளர்களோடு சேர்ந்து விளையாடிய கிழவர்தான் எல்லாவற்றையும் நடத்துகிறவர் என்று முன்கூட்டியே கண்டுபிடித்தீர்களா? (மதுரை)

இல்லை, ஏமாந்துதான் போனேன். இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. இல்-நாம் என்ற பெயரிலேயே "இல்" என்றால் ஒன்று. எண் 001. முதல் விளையாட்டில் ராட்சதப் பொம்மை கண்டுபிடித்த ஆட்களைச் சுடும்போது மற்றவர்கள் உறைந்து நிற்க, அவர் மட்டும் சிரித்துக்கொண்டு ஓடுகிறார். கோலி விளையாட்டில் அவர் சாவதை நாம் பார்க்கவே இல்லை, வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது.

கே: எப்போதும் கத்திக்கொண்டிருக்கும் அந்த ஹான் மி-ன்யோவை எதற்கு வைத்தார்கள்? தலைவலி. (ஓய்வு பெற்ற ஆசிரியர், காரைக்குடி)

சார், அந்தத் தலைவலி இல்லையென்றால் பாதி நாடகம் படுத்துவிடும். அவள் பெயருக்கே அழகி என்று அர்த்தம். அதுவும் பொய்ப் பெயரோ என்று எனக்குச் சந்தேகம், அவள் சொல்வதில் எது நிஜம்? சர்க்கரை வில்லையில் ஊசியால் வடிவம் கீறும் போட்டிக்கு லைட்டரை ஒளித்துக் கொண்டுவந்தவள் அவள். ஊசியைச் சுடவைத்துத் தானும் தப்பி, ரவுடி தோக்-சூவையும் தப்பவைத்தாள். அவன் கயிறு இழுக்கும் போட்டிக்குப் பலம் போதாது என்று கழற்றிவிட்டான். என்னை ஏமாற்றினால் கொல்வேன் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். கண்ணாடிப் பாலத்தில் அவனை இறுகக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். இருந்த 456 பேரில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர்கள் எத்தனை பேர்?

கே: கி-ஹுன் கதையில் வரும் வேலைநிறுத்தம் உண்மையில் நடந்ததா? (தொழிற்சங்கத் தோழர், ஓசூர்)

நடந்தது. தொடரில் "டிராகன் மோட்டார்ஸ்" என்கிறார்கள். 2009இல் பியோங்தேக் ஊரிலிருந்த சாங்யோங் மோட்டார் தொழிற்சாலையில் 2,600க்கும் மேற்பட்டவர்களை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். தொழிலாளர்கள் உள்ளே புகுந்து 77 நாள் உட்கார்ந்தார்கள், கடைசியில் போலீஸ் படை வந்து அடித்தது. "சாங்யோங்" என்றாலே இரட்டை டிராகன். அதை மனதில் வைத்துத்தான் கி-ஹுனை உருவாக்கினேன் என்று இயக்குநர் ஹ்வாங் தோங்-ஹ்யோக் சொல்லியிருக்கிறார். அந்த நிறுவனத்தை 2011இல் வாங்கியது நம் மகிந்திரா. பத்து வருடத்துக்குப் பிறகு கைகழுவியது. நீங்கள் ஓசூர்க்காரர், உங்களுக்கு நான் வண்டிக் கம்பெனி கதை சொல்வதா!

நடுராத்திரி தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவன் கண்ணெதிரே செத்ததைக் கி-ஹுன் சொல்லும் இடம் சில நிமிடம்தான். ஆனால் அதற்கு முன்னால் அவனைச் சோம்பேறி, சூதாடி, அம்மாவின் ஏடிஎம் கார்டைத் திருடுகிறவன் என்றுதானே நினைத்தோம்? நான் அப்படித்தான் நினைத்தேன். கந்துவட்டிக்காரர்கள் அவனைக் கழிப்பறையில் அடித்து, மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்திலேயே விரலைத் தொட்டுக் கைநாட்டு வைக்கச் சொல்வார்கள். உடம்பை விற்றுக் கடனை எடுத்துக்கொள் என்ற பத்திரம் அது. மை தொட்டுக் கைநாட்டு வாங்கியே பழகியவள் நான். அந்தக் காட்சியில் என் விரல் நுனி கூசியது.

அவன் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த தொகை 45 லட்சத்து 60 ஆயிரம் வோன். அங்கேயே 456 ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்றாம் சீசன் முடிவில் அவன் சொல்லும் கடைசிப் பேச்சு, நாங்கள் குதிரைகள் இல்லை, மனிதர்கள் என்பது. போட்டிக்குள்ளேயே பிறந்த ஒரு குழந்தை பிழைக்கட்டும் என்று உயரத்திலிருந்து குதித்துவிடுகிறான்.

கே: கோலி விளையாட்டில் வரும் ஜி-யோங்காக நடித்த பெண்ணுக்கு, அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மி கிடைத்ததாமே. வந்ததே கொஞ்ச நேரம்தானே? (கோவை)

ஆமாம், லீ யூ-மி. 2022இல் சிறப்புத் தோற்றத்துக்கான எம்மி. அதே வருடம் கி-ஹுனாக நடித்த லீ ஜங்-ஜேவுக்கு முதன்மை நடிகர் எம்மி, இயக்குநருக்கும் ஒன்று. ஜி-யோங்கும் வடகொரியாவிலிருந்து தப்பி வந்த சே-பியோக்கும் அரைமணி நேரம் கோலியைத் தொடாமல் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். ஜெயித்தால் எங்கே போவாய்? ஜேஜூ தீவுக்கு. ஜி-யோங்குக்கு அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. அதனால் கோலியைக் காலடியிலேயே நழுவவிடுகிறாள். என்னோடு விளையாடியதற்கு நன்றி என்கிறாள். இதற்குமேல் என்னத்தைச் சொல்வது.

கே: இரண்டாம், மூன்றாம் சீசன்களில் யாரும் தேறவில்லையே? (சென்னை)

முதல் சீசன் அளவுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்த ஊதா முடி ராப் பாடகரை எனக்குச் சகிக்கவில்லை. ஆனால் 149ஆம் எண், கும்-ஜா பாட்டி? மகனின் சூதாட்டக் கடனை அடைக்க வந்தவள், அந்த மகனையே அங்கே பார்க்கிறாள். பிள்ளை கடனை அடைக்க வரும் அம்மாக்கள் எங்கள் வங்கியில் வெள்ளிக்கிழமைதான் அதிகம் வருவார்கள், வியாழன் வாரச் சந்தை என்பதால். ஒருத்தியும் மகனைத் திட்டி நான் கேட்டதில்லை. "அவன் நல்லவன்மா, சேர்க்கைதான் சரியில்லை."

கும்-ஜாவும் அப்படித்தான். ஆனால் பச்சைக் குழந்தையோடு நிற்கும் பெண்ணை நோக்கி மகன் கத்தியோடு போகும்போது, கொண்டையிலிருந்து ஊசியை உருவி அவன் முதுகில் குத்துகிறாள். அதனால் அவன் போட்டியில் தோற்கிறான், சுடுகிறார்கள். அன்று ராத்திரியே அவளும் தூக்கில் தொங்கிவிடுகிறாள். அந்த ஒரு பாட்டிக்காக மட்டும் மூன்றாம் சீசனை மன்னித்துவிட்டேன்.

கே: என் பதினோரு வயதுப் பையன் பார்க்க அடம்பிடிக்கிறான். (ஈரோடு)

வேண்டாம்.

கே: அந்தச் சர்க்கரை வில்லையை வீட்டில் செய்ய முடியுமா? (திண்டுக்கல்)

தல்கோனா. கரண்டியில் சர்க்கரையைச் சின்னத் தீயில் உருக்கி, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் நுரைத்துப் பொங்கும். தட்டில் ஊற்றி அழுத்தி, மேலே அச்சைப் பதிக்க வேண்டும். நானும் செய்தேன். முதல் இரண்டு தீய்ந்தது, எவர்சில்வர் கரண்டி ஒன்று இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. மூன்றாவது சரியாக வந்தது. கி-ஹுனுக்கு வந்த அதே குடை வடிவத்தைக் கத்தி நுனியால் கீறிக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து, ஊசியை எடுத்தேன். அவன் மாதிரி பின்பக்கத்தை நக்கியும் பார்த்தேன். குடையின் கைப்பிடி நாலாவது நிமிடத்தில் போயிற்று. பேத்தி இரண்டு விரலை நீட்டி "டிஷ்யூம்" என்றாள். அப்புறம் மிச்சத்தை இருவரும் தின்றோம்.