ரேடியேட்டர் சுற்றில் எத்தனை லிட்டர் தண்ணீர்?

தம்பி, புது வீட்டைச் சூடாக்க பாய்லரின் வெந்நீர் சுற்றி ஓடும் ரேடியேட்டர் சுற்றில் துருத்தடுப்பு மருந்து ஊற்றப் பார்க்கிறீர்கள். டப்பாவில் ‘100 லிட்டருக்கு 1 லிட்டர்’ என்று போட்டிருக்கிறது, சுற்றில் எத்தனை லிட்டர் என்றுதான் தெரியவில்லை என்கிறீர்கள். பாய்லரின் கிலோவாட்டைப் பத்தால் பெருக்கினால் போதும் என்று யாரோ சொன்னார்களாம். அதை நம்பி நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

எங்களுடையது 12 கிலோவாட் பாய்லர். 120 லிட்டர்தானே என்று, விரியும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் தொட்டியை 8 லிட்டரில் வைத்துவிட்டேன். வீட்டில் இருந்தவையோ பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள். உண்மையில் 230 லிட்டர். 10 டிகிரியிலிருந்து 80க்குச் சூடேறினால் தண்ணீர் ஏறக்குறைய 3 சதவீதம் விரியும், அதாவது 7 லிட்டர். அந்தத் தொட்டியோ அதில் பாதியைத்தான் வாங்கும். மிச்சம் பாதுகாப்பு வால்வு வழியாகச் சொட்டி, வெளிச்சுவர்க் குழாயில் முழ நீளத்துக்குப் பனிக்கட்டியாகத் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் கணக்கு போட உட்கார்ந்தேன்.

உங்கள் கதை நேர்மாறு. குளிக்கும் வெந்நீரையும் அதுவே தரும் 24 கிலோவாட் பாய்லர். அந்தச் சக்தி ஷவருக்காக, ரேடியேட்டருக்காக அல்ல. எனவே 240 என்பது வெறும் கற்பனை.

குழாயின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கமாக்கி, 0.000785 ஆல் பெருக்குங்கள். மீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று வரும். உள்விட்டம்தான், கவனம்! 15 மில்லிமீட்டர் செப்புக் குழாயின் உள்ளே சுமார் 13.6தான் இருக்கும், மீட்டருக்கு 0.145 லிட்டர். 22க்கு 0.32. உங்கள் 60 மீட்டர் சின்னக் குழாயும் 30 மீட்டர் பெரிய குழாயும் சேர்ந்தே 18 லிட்டர்தான். 60 சென்டிமீட்டர் உயர இரட்டைப் பேனல் ரேடியேட்டர் என்றால் மீட்டர் அகலத்துக்கு 5 முதல் 6 லிட்டர் பிடிக்கும். ஒற்றைப் பேனல் அதில் பாதி. உங்கள் எட்டு ரேடியேட்டருக்கும் சேர்த்து 40 என்று வைத்து, பாய்லருக்குள் இருக்கும் சில லிட்டரையும் கூட்டினால் 60, 65க்குள் அடங்கிவிடும். ஒரு லிட்டர் டப்பாவே தாராளம்.

சந்தேகம் தீரவில்லையா? அளப்பதற்கென்றே தண்ணீரை வடிக்காதீர்கள். புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் துருவும் வரும். என்றாவது பிளம்பர் வடித்தே ஆகவேண்டிய நாளில், வேறு குழாய் எதையும் திறக்காமல் நிரப்பி, தண்ணீர் மீட்டரை முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். காற்றை வெளியேற்றிய பின் ஊற்றும் கடைசி இரண்டு மூன்று லிட்டரும் கணக்கில் சேரும்.