ஒன்றுக்கு ஒன்று கொடுத்தால் வண்டி ஓடுமா?

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு கேன்டீனில் தலைமைச் சமையல்காரராக இருக்கிறேன். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்கி, உணவு வண்டி ஒன்றைத் தொடங்க எண்ணம். வெறும் வியாபாரமாக இல்லாமல், விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் இல்லாதவர் ஒருவருக்கு ஒரு தட்டு இலவசமாகக் கொடுக்க ஆசைப்படுகிறேன். வண்டியின் பக்கவாட்டில் அதைப் பெரிதாக எழுதப் போகிறேன். இது கட்டுபடியாகுமா? வியாபாரமாகப் பதிவு செய்வதா, அறக்கட்டளையாகவா? இரவில் மீந்ததைக் கொடுத்தால் செலவு மிச்சமாகுமா?

பதில்: ஒன்றுக்கு ஒன்று கட்டுபடியாகாது. பத்துக்கு ஒன்று, கணக்கைச் சரியாகப் போட்டால், கட்டுபடியாகும். மீந்ததைக் கொடுக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

முதலில் கணக்கு. ஒரு தட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். சாமான் 32, தட்டும் பார்சல் டப்பாவும் 4, அடுப்புக்கு 3. ஆக, ஒரு தட்டு கூடுதலாகச் சமைத்தால் கூடுதலாக ஆகும் செலவு 39. மற்ற செலவுகளுக்கு நீங்கள் ஒரு தட்டு விற்றாலும் ஒன்றுதான், நூறு விற்றாலும் ஒன்றுதான்: ஆள் சம்பளம், நிற்கும் இடத்து வாடகை, காப்பீடு, டீசல், வண்டிக் கடன், ரிப்பேர். இவை எல்லாம் சேர்ந்து நாளுக்கு 5100 என்று கொள்வோம். இந்த எண்களை உதாரணத்துக்குத்தான் போட்டிருக்கிறேன். உங்கள் எண்களைப் போட்டு இதே வரிசையில் கணக்குப் பாருங்கள்.

விற்கும் ஒவ்வொரு தட்டிலும் 39 போக 61 நிற்கிறது. 5100-ஐ 61-ஆல் வகுத்தால், 84 தட்டு விற்றால் கைநஷ்டம் இல்லை. 100 தட்டு விற்கும் நாளில் கல்லாவில் 1000 மிஞ்சும். இப்போது ஒன்றுக்கு ஒன்று கொடுங்கள். 61-இல் இருந்து இன்னொரு 39 போய்விடும், மிச்சம் 22. அசலை எடுக்கவே 232 தட்டு விற்க வேண்டும், 464 தட்டு சமைக்க வேண்டும். இரண்டு பேர் நிற்கவே இடம் பற்றாத ஒரு வண்டியில் அது நடக்காது. பத்துக்கு ஒன்று என்றால் தட்டுக்கு 3.9 மட்டும் போகிறது. 84 விற்க வேண்டிய இடத்தில் 90 விற்றால் போதும். ஆறு தட்டு கூடுதலாக விற்பது உழைப்பால் ஆகிற காரியம்.

இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. இலவசத் தட்டின் செலவு 39 என்றேனே, அது அடுப்பும் கையும் சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும்தான். மதிய நெரிசலில், வரிசை நீண்டு நிற்கும்போது கொடுத்தால், காசு கொடுக்க வந்தவர் ஒருவர் பொறுமையிழந்து போய்விடுகிறார். அப்போது உங்களுக்குப் போவது முழு 100. ஆகவே கொடுக்கும் நேரத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய முக்கால் மணி நேரம் மிக நல்லது. உணவு புதிதாக இருக்கும், உங்களுக்கும் பதற்றம் இருக்காது.

விகிதத்தைவிட எண்ணிக்கை மேல் என்பது என் கருத்து. 'விற்றதில் பத்தில் ஒன்று' என்று வைத்தால், மழை நாளில் 50 விற்று 5 கொடுப்பீர்கள். ஆனால் பசி மழைக்கு ஒதுங்குவதில்லை. வழக்கமாக வரும் பத்துப் பேரும் வந்து நிற்பார்கள். அதற்குப் பதில் தினமும் 8 தட்டு என்று பிடித்துக்கொள்ளுங்கள். விற்கும் தட்டுக்கு 4 வீதம் தனிக் கணக்கில் போடுங்கள். 100 விற்ற நாளில் 400 சேரும், எட்டுத் தட்டுக்கு 312 செலவாகும், 88 மிஞ்சும். மந்தமான நாளுக்கும், வண்டி பழுதாகி நிற்கும் நாளில் வேறிடத்தில் சாப்பாடு வாங்கிக் கொடுக்கவும் அந்த மிச்சம் உதவும். எட்டு என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். வாரத்தில் ஆறு நாள், ஆண்டுக்கு ஐம்பது வாரம் என்றால் அது 2400 தட்டு.

'லாபத்தில் இத்தனை சதவீதம்' என்று மட்டும் அறிவிக்காதீர்கள். முதல் ஆண்டு லாபமே இருக்காது. இருந்தாலும் எது லாபம் என்பதில் ஆயிரம் வழக்கு வரும். தட்டுக் கணக்கை யாரும் எண்ணிப் பார்க்கலாம்.

இனி மீந்த உணவு. நானும் தொடக்கத்தில் உங்களைப் போலவே யோசித்தவன். இரவு கடை கட்டும்போது பாத்திரத்தில் மிஞ்சியதை டப்பாவில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் புதிதாக வாங்கிய தெர்மாமீட்டரின் ஊசியை, சும்மா பார்க்கலாமே என்று, அந்தப் பாத்திரத்தின் நடுவில் குத்தினேன். மூடியைத் திறந்தபோது ஆவி வந்தது, கைக்கும் சுட்டது. முள் 41-இல் நின்றது. நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான இடைவெளியில். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் பாத்திரம் எத்தனை மணி நேரமாக அப்படி இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அத்தனையையும் கொட்டினேன். நான் வாயில் வைக்கத் தயங்கிய ஒன்றை, மறுநாள் மருத்துவரிடம் போகக் காசில்லாதவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று சமையல்காரர்கள் சொல்வோம். எல்லாவற்றுக்கும் ஆகாது. அரிசி, மாவு வகைகளில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்த பிறகும் பிழைத்திருக்கும். ஆறிய உணவில் அது உண்டாக்கும் வாந்தி நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. ஆகவே சூடான உணவை 60-க்கு மேலேயே வையுங்கள், குளிர்ந்ததை 5-க்குக் கீழேயே வையுங்கள். ஒரு நாளுக்கு மூன்று முறை ஊசியைக் குத்தி நோட்டில் எழுதுங்கள். தெர்மாமீட்டரை ஐஸ் கரையும் தண்ணீரில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதை நம்பாதீர்கள். மீதமே ஆகாமல் அளவாகச் சமைப்பதுதான் பெரிய மிச்சம், அது உங்கள் கேன்டீன் கைக்குத் தெரிந்த வித்தை.

கேன்டீனுக்குத் தெரியாதது வண்டி. உடனே வாங்க வேண்டாம், மூன்று மாதம் வாடகைக்கு எடுங்கள். எந்த இடத்தில் எந்த நேரத்தில் கூட்டம் சேரும் என்பது தெரிந்த பிறகுதான் எவ்வளவு பெரிய வண்டி என்பது தெரியும். வாங்கும்போது அடுப்பைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டி என்றால் இரண்டு ஆள் எடை கூடவே ஓடுகிறது. அழுக்குத் தண்ணீர்த் தொட்டி நல்ல தண்ணீர்த் தொட்டியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டரை ஆட்கள் நிற்கும் அறைக்கு வெளியே தனிப் பெட்டியில் வையுங்கள், அதன் அடிப்பக்கத்தில் காற்றோட்டத் துளை இருக்கட்டும். மேலே ஜன்னல் இருக்கிறதே என்று நினைப்பது இங்கே உதவாது. ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆகவே புகைக்குழாய் பரிமாறும் ஜன்னல் பக்கம் திரும்பவே கூடாது. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை உதவிக்கு வரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். எண்ணெய்த் தீக்கென்றே வரும் தீயணைப்பானையும் வாங்கி மாட்டுங்கள்.

பதிவு விஷயம். வியாபாரமாகவே பதிவு செய்யுங்கள். அறக்கட்டளை என்றால் நிர்வாகக் குழு, தணிக்கை, ஆண்டறிக்கை என்று தனி உலகம்; கடன் கொடுப்பவரும் தயங்குவார். பதிவு இல்லாமல் 'அறப்பணி' என்று போட்டு நன்கொடை வாங்கினால் பல இடங்களில் சட்டச் சிக்கலும் வரும். வாடிக்கையாளர் ஒருவர் தன் தட்டோடு இன்னொரு தட்டுக்கும் காசு கொடுக்க விரும்பினால், அதை முன்கூட்டி விற்ற தட்டாக எழுதி, ஒரு டோக்கன் போட்டு வையுங்கள். அந்தக் காசு கல்லாவோடு கலக்கக் கூடாது. சாயங்காலம் சில்லறை பற்றாதபோது கை அங்கேதான் போகும், எனக்கும் போயிருக்கிறது. பூட்டுப் போட்ட தனி டப்பா வைத்ததும் அது நின்றது.

யாருக்குக் கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். உங்கள் பகுதியில் ஏற்கெனவே இந்த வேலையில் இருப்பவர்களிடம் டோக்கன்களைக் கொடுங்கள்; யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். டோக்கனோடு வருபவருக்கும் அதே வரிசை, அதே தட்டு, அதே அளவு. படம் எடுக்க வேண்டாம். டோக்கனின் நிறம்கூட தங்கள் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள் வாங்கும் டோக்கனின் நிறமாகவே இருக்கட்டும், யார் எது என்று வரிசையில் நிற்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. சாப்பாடு கொடுப்பது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. வேலை கிடைக்கச் சிரமப்படும் ஒருவரைச் சேர்த்து, கத்தி பிடிக்கவும் கணக்கு எழுதவும் கற்றுக்கொடுத்து ஒரு வருடத்தில் வேறு சமையலறைக்கு அனுப்புவது என் பார்வையில் எட்டுத் தட்டைவிடப் பெரிது. ஆனால் அதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு நீங்களே கற்றுக்கொண்டிருப்பீர்கள்.

வண்டியின் பக்கவாட்டில் எழுதுவதைப் பற்றிச் சொன்னீர்கள். பெயரையும் உணவு வகையையும் எழுதுங்கள். மற்றதற்கு ஒரு சின்னக் கரும்பலகை போதும்: 'சென்ற மாதம் கொடுத்தது: இத்தனை தட்டு.' சாக்பீஸால் எழுதினால் ஒவ்வொரு மாதமும் அழித்து எழுத வேண்டிவரும். எண் குறைந்த மாதத்திலும் குறைந்த எண்ணையே எழுதுங்கள்.