வாசகர் கடிதம்: முயலைக் கருவக்காட்டுல விட்டுரலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க வீட்டு முயல் பஞ்சுவைப் பத்தி நீங்க முன்னாடி எழுதினதப் படிச்சிருக்கேன், அந்த தைரியத்துல எழுதுறேன். எனக்கு கீழக்கரை. மகளுக்கு 9 வயசு, அவ கேட்டு அழுதான்னு ராம்நாடு போனப்ப ஒரு ஜோடி முயல் வாங்கிட்டு வந்தேன். ரெண்டும் பொட்டைன்னு கடைக்காரர் அடிச்சுச் சொன்னார். நாலு மாசம் ஆச்சு, முந்தாநாள் காலைல பாத்தா கூண்டுக்குள்ள 7 குட்டி, ரோமமே இல்லாம எலிக்குஞ்சு மாதிரி கெடக்கு. தாய் முயல் அதுக பக்கமே போக மாட்டேங்குது. மக இங்க் பில்லர எடுத்துக்கிட்டு பசும்பால் குடுக்கணும்னு நிக்கிறா. உம்மாவுக்கு மூத்திர வாடை ஆகல, சார்ஜர் வயரு நாலு போச்சு, வீட்டுல தினம் சத்தம். பக்கத்து வீட்டு காக்கா (அண்ணன்) எல்லாத்தையும் கருவக்காட்டுல விட்டுரு, அதுபாட்டுக்கு பொழைச்சுக்கும்ங்கிறார். நீங்க பல வருஷமா வீட்டுக்குள்ளயே வச்சு வளத்தவங்க, சொல்லுங்கக்கா, என்ன செய்ய?

பெயர் வேண்டாம், கீழக்கரை

அன்புள்ள தம்பிக்கு,

மொதல்ல அந்த இங்க் பில்லர மக கையில இருந்து வாங்கி வச்சிருங்க. மத்தத அப்புறம் பேசுவோம்.

தாய் முயல் குட்டிகள விட்டுட்டுப் போகல. முயல் அப்படித்தான், நாய் பூனை மாதிரி குட்டியோட படுத்துக்கிட்டே கெடக்காது. அது பக்கத்துலயே இருந்தா அந்த வாடைக்கு நரியோ பூனையோ வந்துரும்னு தள்ளியே இருக்கும், ஒரு நாளைக்கு ஒரு தடவ, மிஞ்சிப்போனா ரெண்டு தடவ, பெரும்பாலும் விடியறதுக்கு முன்னாடி வந்து அஞ்சு நிமிஷம்கூட நிக்காம பால் குடுத்துட்டுப் போயிரும். நீங்க எல்லாரும் தூங்குற நேரம் அது. குட்டி பால் குடிச்சிருக்கான்னு தெரிஞ்சுக்க வயித்தப் பாத்தாப் போதும். குடிச்ச குட்டிக்கு வயிறு உருண்டையா விம்மி நிக்கும், தோலு மெல்லிசா இருக்கறதால உள்ள இருக்கற பாலு வெள்ளையாத் தெரியக்கூட செய்யும். குடிக்காத குட்டிக்கு வயிறு ஒட்டி தோலு சுருங்கி இருக்கும், தொட்டா சில்லுன்னு இருக்கும். பில்லர்ல ஊத்துனா பாலு நேரா நுரையீரலுக்குப் போயி குட்டி செத்துப்போகும், நான் பாத்திருக்கேன், அதான் இவ்வளவு அவசரமா சொல்றேன். மனுஷக்கை பட்டா தாய் சேத்துக்காதுங்கிறதும் வீட்டுல வளந்த முயலுக்குப் பொருந்தாது, ஒரு குட்டி வெளிய உருண்டு கெடந்தா எடுத்து கையில வச்சு சூடு ஏத்தி மத்த குட்டிகளோட சேத்துவிடுங்க.

ரெண்டாவது, ஆண் முயல இன்னைக்கே தனியாப் பிரிச்சுருங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. குட்டி போட்ட அன்னைக்கே தாய் மறுபடி சினையாகிரும், ஏன்னா முயலுக்கு மாசக்கணக்கு பருவம்னு கெடையாது, ஆண் சேந்த பிறகுதான் அதுக்கு முட்டையே வெளிவரும். சினை சுமாரா 30 நாள், அவ்வளவுதான். இப்பவே முந்தாநாள் கணக்குல ஒண்ணு வயித்துல இருக்கலாம், அதுக்கும் மனச தயார் பண்ணிக்கங்க. கடைக்காரர் சொன்னதுக்கு வருத்தப்படாதீங்க, சின்ன முயல்ல ஆணா பொண்ணான்னு கண்டுபிடிக்கிறது நெசமாவே கஷ்டம். இந்தக் குட்டிகளையும் மூணு மாசம் ஆகுறதுக்குள்ள ஆண் தனி பொண் தனின்னு பிரிக்கணும், அண்ணன் தங்கச்சின்னெல்லாம் அதுக பாக்காது.

இப்ப கருவக்காடு. உங்க பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்துலதான் சொல்றார், காட்டு முயல் காட்டுலதான இருக்குன்னு. நம்ம பாஷைல ரெண்டுக்கும் முயல்னே பேர் வச்சுட்டோம், அதுல வந்த கொழப்பம் இது. சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கம் ராத்திரி வண்டி லைட்டுல குறுக்க ஓடுமே அந்தக் காட்டு முயல் வேற சாதி, அது குழி தோண்டாது, அதோட குட்டி ரோமத்தோட கண்ணு தெறந்தே பொறக்கும், பொறந்த கொஞ்ச நேரத்துலயே நடக்கும். உங்க வீட்டுல இருக்கறது குழிமுயல், அதோட பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். பல நூறு வருஷமா மனுஷன் கையில வளந்தது, வெள்ளத்தோலு, பகல்ல ஒரு மைல் தூரத்துல தெரியும். கருவ மரத்தடியில அதுக்குத் திங்க ஒண்ணுமில்ல, தண்ணி இல்ல, நாயும் பருந்தும் இருக்கு. ஒரு ராத்திரி தாங்காது. குட்டிக்கு கண்ணு தெறக்கவே பொறந்ததுல இருந்து பத்து நாள் ஆகும், அதுகள எங்க கொண்டுபோய் விடுவீங்க?

எங்க அப்பாகிட்டயும் ஒருத்தர் இப்படித்தான் சொன்னார், தீவுல கொண்டுபோய் விட்டுருங்க, பச்சையா இருக்குன்னு. மன்னார் வளைகுடாவுல இருக்கற 21 தீவும் தேசியப் பூங்கா, நாமளே எறங்கக்கூடாத எடம். அதோட ஆஸ்திரேலியாவுல 1859-ல ஒருத்தர் வேட்டைக்குன்னு கொஞ்சம் முயல அவுத்துவிட்டு அது அந்த நாட்டையே மேஞ்சுபோட்ட கதை இருக்கு. ஒண்ணு அதுக சாகும், இல்ல அந்த எடம் சாகும். வீட்டுப் பிராணிய வீட்டுலதான் வச்சுக்கணும், இல்லன்னா வச்சுக்கிற இன்னொரு வீட்டப் பாக்கணும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நாங்களும் தெரியாம செஞ்சதுதான் ஜாஸ்தி.

எங்க வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவுல. 2011-ல தம்பி ஒரு ஜோடி கொண்டு வந்தான். அப்பா விசைப்படகுல போறவர், அப்பல்லாம் ஏப்ரல் 15-ல இருந்து மே 29 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம்ல, அந்த ஒன்றரை மாசம் வீட்டுலதான் இருப்பார், கையச் சும்மா வச்சுக்கிட்டு இருக்க முடியாம மாடியில ஆஸ்பெஸ்டாஸ் போட்டு முயலுக்கு ஒரு கூண்டு கட்டினார். கதவுக்குப் பழைய வலைய இழுத்துக் கட்டினார், விடியறதுக்குள்ள அத கடிச்சு ஓட்டை போட்டு வெளிய வந்துருச்சு. நல்லவேளை நூல முழுங்கல. நைலான முழுங்குனா குடல்ல சிக்கிக்கும், முயலுக்கு வாந்தி எடுக்க வராது, உள்ள போனது போனதுதான்.

அந்த மே மாசம்தான். மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், கச்சான் காத்து அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, ஆனா அது சூடு காத்து. அம்மா புல்லு போட மேல போனவங்க என்னக் கூப்பிட்ட கொரல் இன்னும் காதுல இருக்கு. ஆண் முயல் நீட்டிப் படுத்திருந்துச்சு, வாயைச் சுத்தி ஈரம், காதத் தொட்டா சுட்டுச்சு, தோசக்கல்ல தொட்ட மாதிரி. முயலுக்கு வேர்க்காது தம்பி, உடம்புச் சூட்ட வெளிய விடுறதுக்கு அதுக்கு இருக்கற முக்கியமான வழி அந்தக் காதுதான், 30 டிகிரி தாண்டுனாலே தவிக்க ஆரம்பிச்சுரும். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது, ஐஸ் தண்ணிய எடுத்து மொத்தமா உடம்புல ஊத்திட்டோம், அது அதிர்ச்சியிலயே போயிருச்சு. காத மட்டும் சாதாத் தண்ணியில நனைச்சு துணியால ஒத்தி, நெழல்ல காத்தோட்டமா வச்சிருக்கணும். அப்பா அன்னைக்கே மாடிக் கூண்டப் பிரிச்சுப் போட்டுட்டார். மிச்சம் இருந்த பொண்ண வீட்டுக்குள்ள கொண்டு வந்தோம். அப்படித்தான் முயல் எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு, ஆசையில இல்ல, பயத்துல.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல கோடைன்னா ஜன்னல்ல நனைச்ச சாக்கு தொங்கும், ஃப்ரீசர்ல ரெண்டு தண்ணி பாட்டில் உறைஞ்சுக்கிட்டே இருக்கும், அத துண்டுல சுத்தி முயல் பக்கத்துல வச்சா வந்து சாஞ்சுக்கும். 2 கிலோ முயல் கோடைல ஒரு நாளைக்கு 200 மில்லிக்கு மேல குடிக்கும். நம்ம ஊரு போர் தண்ணி வேண்டாம், உப்பு. நீங்க குடிக்கிற தண்ணியவே குடுங்க.

எங்க அம்மாவுக்கும் மொதல்ல புடிக்கல. உங்க உம்மா சொல்ற எல்லாத்தையும் அம்மாவும் சொன்னாங்க, வையாத நாள் இல்ல. ஆனா பஞ்சு 2013-ல வந்து 8 வருஷம் உயிரோட இருந்ததுன்னா அதுக்குக் காரணம் அம்மாதான், நான் இல்ல. ஏன்னா வீடு கூட்டுறது அம்மா. காலையில வெளக்குமாத்தோட குனிஞ்சாங்கன்னா மொதல்ல புழுக்கையத்தான் பாப்பாங்க. உருண்டையா, கொண்டக்கடல சைஸ்ல, ஒடச்சா உள்ள வைக்கோல்தூள் மாதிரி இருந்தா முயல் நல்லா இருக்கு. சின்னச் சின்னதா மிளகு கணக்கா இருந்தாலோ, ஒண்ணோட ஒண்ணு முடியில கோத்த மாதிரி வந்தாலோ வயித்துல ஏதோ சரியில்ல. முயல் கத்தாது, மொனகாது, நோவு வந்தா மூலையில போய் உக்காந்துக்கும், அவ்வளவுதான். அது அரை நாள் திங்காம, புழுக்கை போடாம இருந்தா குடல் நின்னுபோச்சுன்னு அர்த்தம், காலைல பாத்துக்கலாம்னு இருந்தா காலைல முயல் இருக்காது. ஒருநாள் அம்மா, "ஏய், ராத்திரி இது ஒண்ணுமே போடலடி, இங்கிட்டு வந்து பாரு"ன்னு எழுப்பி, ரெண்டு பேரும் அத ஓலைக்கொட்டான்ல வச்சு மொத பஸ்ல ராமநாதபுரம் போனோம். பொழைச்சுருச்சு. நான் பாத்திருந்தா பத்து மணிக்குத்தான் பாத்திருப்பேன்.

இன்னொன்னு, ராத்திரில மெத்துன்னு திராட்சக் கொத்து மாதிரி ஒண்ணு போடும், போட்ட கையோட வாய வச்சுத் தின்னுரும். அத அசிங்கம்னு அடிச்சுராதீங்க, அம்மா ஒருதடவ அடிச்சுட்டு அப்புறம் வெவரம் தெரிஞ்சு அழுதாங்க. அதுக்கு வேண்டிய சத்து அதுலதான் இருக்கு, மாடு அசை போடுற மாதிரி இது ரெண்டு தடவ செரிக்குது.

வாடைக்கு வழி இருக்கு. முயல் தானா ஒரு மூலையத் தேர்ந்தெடுத்து அங்கதான் மூத்திரம் போகும், நீங்க தட்ட வேற எடத்துல வச்சுட்டு அத அங்க வரச் சொன்னா வராது, அது போற மூலைக்கு தட்டக் கொண்டு போங்க. அடியில பேப்பர், மேல வைக்கோல், தினம் மாத்துங்க. வெள்ளையாப் படியற கறைய வினிகர் ஊத்தி ஊற வச்சுக் கழுவினா போயிரும். சில நாள் மூத்திரம் செவப்பாகூட இருக்கும், தின்ன தழையோட சாயமா இருக்கும், ஓயாம அப்படியே வந்தா மட்டும் டாக்டர்கிட்ட காட்டுங்க. வயருக்கு, பழைய ஓஸ் பைப்ப நீளவாக்குல கீறி மேல மாட்டிவிடுங்க. பல்லு சாகுற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும், கடிக்காம அதால இருக்க முடியாது, கடிக்க காஞ்ச பனையோல குடுங்க, நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்.

தீனிக்கு காஞ்ச புல்லும் அருகம்புல்லும்தான் முக்காவாசி இருக்கணும். வேலிமசால், அகத்தி, முருங்கை எல்லாம் அளவா. கேரட் இனிப்பு மாதிரி, ஒரு துண்டு போதும். சோறு, பிஸ்கட், வெங்காயம் வேண்டவே வேண்டாம். மருந்து விஷயத்துல ஒண்ணே ஒண்ணு: பேனு, உண்ணிக்கு நாய்க்குப் போடுற மருந்த அப்படியே போட்டுராதீங்க. ஒரு கடைல குடுத்தாங்கன்னு நாங்க அடிச்சு, நல்லா இருந்த முயல் இழுப்பு வந்து ரெண்டே நாள்ல போச்சு. ஃபிப்ரோனில்னு அதுல எழுதியிருந்துச்சு, முயலுக்கு அது விஷம்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. கால்நடை டாக்டர கேக்காம எதுவும் வேண்டாம். ஆணுக்கு குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணலாம், ஆனா முயலுக்குப் பண்ணிப் பழகின டாக்டரான்னு மொதல்லயே போன் போட்டு கேட்டுக்கங்க, பண்ணின பிறகும் ஒரு மாசத்துக்கு மேல தனியாத்தான் வச்சிருக்கணும்.

ஏழையும் நீங்களே வச்சுக்கணும்னு நான் சொல்லல. ஒரு மாசம் கழிச்சு தாய்ப்பால் மறந்ததும், இன்னும் ரெண்டு மூணு வாரம் புல்லு தின்னு தேறட்டும், அப்புறம் தெரிஞ்ச வீடுகளாப் பாத்து ரெண்டு ரெண்டாக் குடுங்க, அதுலயும் பொண்ணு பொண்ணா. முயல் ஒத்தையில இருக்காது. சில பேர் கறிக்குக் கேப்பாங்க. அது உங்க முடிவு தம்பி, நான் அதுல ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஆனா மககிட்ட காட்டுல விட்டேன்னு பொய் மட்டும் சொல்லாதீங்க.

பஞ்சுவப் பத்தி ஒண்ணு சொல்லிக்கிறேன். 2020 டிசம்பர்ல புரெவி புயல் வந்து நம்ம கடல்லயே நின்னுச்சே, அன்னைக்கு ராத்திரி கரண்ட் இல்ல, வாடைக்காத்து ஓட்ட பேத்துக்கிட்டுப் போற மாதிரி அடிச்சுது. முயல் பயந்தா பின்னங்கால தரையில ஓங்கி அடிக்கும், மத்த முயலுக்கு எச்சரிக்கை. பஞ்சுவுக்கு அப்ப வயசாகிப்போச்சு, காலு நோவு, ஆனாலும் ஒவ்வொரு தடவ தகரம் அடிச்சுக்கும்போதும் டப்பு டப்புன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எச்சரிக்கறதுக்கு அங்க வேற முயல் இல்ல, நாங்கதான் இருந்தோம். அப்பா போய் அது பக்கத்துலயே தரையில படுத்துக்கிட்டார். அடுத்த வருஷம் சித்திரைக்கு முன்னாடி போயிருச்சு. அப்பா அதுக்கப்புறமும் ரொம்ப நாளு முருங்கைய ஒடிச்சா காம்பத் தனியா எடுத்து வச்சுக்கிட்டே இருந்தார்.

நாளைக்கு விடியக்காலைல உம்மாவையே எழுந்து பாக்கச் சொல்லுங்க, எப்படியும் தொழுகைக்கு எழுந்திருப்பாங்க. லைட்டப் போடாம, சத்தம் காட்டாம தள்ளி நின்னு பாக்கட்டும். தாய் முயல் தன் நெஞ்சு முடியப் பிச்சுப் போட்டு குட்டிகள மூடி வச்சிருக்கும், அத அது வெலக்கிட்டு உள்ள போறதப் பாப்பாங்க. அது போன பிறகு ஏழு வயித்தையும் ஒண்ணொண்ணாத் தொட்டுப் பாருங்க. எது ஒட்டியிருந்தாலும் அன்னைக்கே எழுதுங்க, என்ன செய்யணும்னு சொல்றேன்.

அக்கா

(கடிதம் எழுதினவர் அனுமதியோட வெளியிட்டது. குட்டி வேணும்னு கேக்குறவங்க எனக்கு எழுதினா அவர்கிட்ட சொல்லிவிடுறேன், கறிக்குன்னா வேண்டாம்.)