மேப்பிள் மரத்தடியில் டியாரெல்லா கருகுவது ஏன்?

கேள்வி: டொராண்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் பெரிய நார்வே மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் புல் பிடிப்பதே இல்லை. நிழலுக்கு ஏற்றவை என்று கடையில் சொன்னார்கள் என்பதால், சென்ற மே மாதம் ஃபோம்பிளவர் எனப்படும் டியாரெல்லாவையும் ஹியூகெரா, ஹியூகெரெல்லா செடிகளையும் வாங்கி நட்டேன். குழியில் மாட்டெரு போட்டேன். ஜூனில் புல்லுக்குப் போடும் உரத்தையும் கொஞ்சம் தூவினேன். ஜூலையில் டியாரெல்லா இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. இப்போது பனி உருகிய பின் பார்த்தால் ஹியூகெராக்கள் மண்ணை விட்டு மேலே எழும்பி நிற்கின்றன. ஒன்றைத் தொட்டதும் வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. நிழல் அதிகமாகிவிட்டதா ஐயா? ஹியூகெரெல்லாவில் விதை எடுக்கலாமா?

பதில்: நிழலைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. ஒன்டாரியோவின் சர்க்கரை மேப்பிள் காடுகளில், மரங்களுக்கு அடியிலேயே தானாக வளரும் செடி டியாரெல்லா. மே மாதம் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைப் பூங்கதிர் விடும். பூ முடிந்ததும் ஓடுதண்டு விட்டுத் தரையை மூடும். காட்டில் மேப்பிளுக்கு அடியில் செழிப்பது உங்கள் மேப்பிளுக்கு அடியில் ஏன் கருகுகிறது என்பதுதான் பார்க்கவேண்டிய விஷயம்.

காட்டில் ஆண்டுதோறும் விழும் இலை விழுந்த இடத்திலேயே மட்குகிறது. அந்தக் கறுத்த, பஞ்சு போன்ற மட்கில்தான் டியாரெல்லாவின் மெல்லிய வேர்கள் மேலோட்டமாகப் படர்கின்றன. நாமோ அக்டோபர், நவம்பரில் இலையை ஒன்றுவிடாமல் வாரி, காகிதப் பையில் கட்டித் தெருவோரம் வைத்துவிடுகிறோம். மிஞ்சுவது வெறும் இறுகிய களிமண். அதற்கு மேல் நார்வே மேப்பிளின் குணம் வேறு. அது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து தெருமரமாக நடப்பட்டது. மேல்மண்ணிலேயே சல்லிவேரைப் பாய் விரித்ததுபோல் பரப்பி, கிடைக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். இலையடர்த்தி காரணமாகச் சிறுதூறல் தரைக்கு வருவதே இல்லை. ஜூலையில் ஊரெல்லாம் மழை பெய்தாலும் மரத்தடியில் ஒரு கைக்கரண்டி மண்ணைத் தோண்டிப் பாருங்கள், இரண்டு அங்குலத்துக்குக் கீழே புழுதியாக இருக்கும். கருகியதற்குக் காரணம் அந்த வறட்சி. காய்ந்த மண்ணில் தூவிய புல் உரமும் தன் பங்குக்கு வேரைச் சுட்டிருக்கும். இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு அந்த உரம் வேண்டவே வேண்டாம். இளவேனிலில் ஒரு பிடி மட்கு எரு போதும்.

இனி செய்யவேண்டியது. மரத்தை ஒட்டிய ஐந்தாறு அடிக்குள் டியாரெல்லாவை வைக்காதீர்கள். கிளை விரிவின் வெளியோரம், காலை வெயில் கொஞ்சம் பட்டு மதியம் நிழலாகும் இடம்தான் அதற்குச் சரி. மண்வெட்டியால் முழுவதும் கொத்தினால் மரத்துக்கும் கேடு, அறுபட்ட இடத்தில் சல்லிவேர் இன்னும் அடர்த்தியாகக் கிளைக்கும். பெருவேர்களுக்கு இடையே உள்ள சந்துகளில் சிறு குழி எடுத்து, பெரிய தொட்டிச் செடிக்குப் பதிலாகக் கைக்கு அடங்கும் சின்ன நாற்றாக ஓரடி இடைவெளியில் நடுங்கள். விலையும் குறைவு, பிடிப்பதும் எளிது. வேரை மூடுவதற்கென்று மரத்தடியில் மண் கொட்டி மேடாக்காதீர்கள். மரம் மூச்சுமுட்டிப் போகும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை ஓர் அங்குல அளவு தண்ணீர் ஆழமாக இறங்கவேண்டும். கசிவுக்குழாய் ஒன்றைச் சுற்றிப் போட்டுவிட்டால் வேலை குறையும்.

இந்த ஆண்டு இலையைப் பையில் கட்டாதீர்கள். முழு மேப்பிள் இலை நனைந்தால் அப்பளம் அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு செடியை அமுக்கிவிடும். புல்வெட்டியை இரண்டு முறை ஓட்டி நொறுக்கி, இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். செடியின் நடுக்குருத்தை மட்டும் மூடவேண்டாம். இலையில் தார் சொட்டியதுபோல் கரும்புள்ளி இருந்தாலும் பயமில்லை, அது மேப்பிளோடு நிற்கும் பூஞ்சணம்.

மரத்தை ஒட்டிய பகுதிக்கு வறட்சி தாங்கும் எபிமீடியம், ஜெரேனியம் மக்ரோரைசம், கிறிஸ்துமஸ் பெரணி ஆகியவை உள்ளன. கடையில் 'காட்டு இஞ்சி' என்ற பெயரில் அசாரம் கனடென்சே கிடைக்கும். அதையும் நடலாம், ஆனால் கொஞ்சம் ஈரம் கேட்கும். பெயரைப் பார்த்து யாரும் தேநீரில் தட்டிப் போட்டுவிடக் கூடாது; அதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது.

அடுத்து ஹியூகெரா. நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. மேலே எழும்பி நிற்பவை நோயாளிகள் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் மண் மாறிமாறி உறைந்து இளகும்போது செடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறது. மண் இளகியதும் தோண்டியெடுத்து, கட்டைபோல் நீண்ட தண்டு முழுவதும் புதையுமாறு, இலைக்கொத்து மண்மட்டத்தில் அமர மறுபடி நடுங்கள். புதைந்த தண்டிலிருந்து புது வேர் விடும். அடுத்த குளிருக்கு மண் உறைந்த பிறகு மூடாக்குப் போட்டால் இந்தத் தள்ளாட்டம் குறையும். முன்கூட்டியே போட்டால் எலிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

வேரில்லாமல் கையோடு வந்ததே, அதுதான் கவலைக்குரியது. அந்தக் குழி மண்ணை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி உதிர்த்துப் பாருங்கள். அரை அங்குலத்துக்குக் குறைவாக, காலில்லாத, பழுப்புத் தலையுடன் 'சி' வடிவில் சுருண்ட வெள்ளைப் புழு தென்பட்டால் கருங்கூன்வண்டின் புழு. போன கோடையில் இலை விளிம்பில் பஸ் டிக்கெட்டைக் கிழித்ததுபோல் அரைவட்டக் கடிகள் இருந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இரவில் ஏறிக் கடித்தது அதன் தாய்வண்டு. எல்லாமே பெண் வண்டுகள், ஆண் தேவையில்லாமலே முட்டையிடும். பறக்கத் தெரியாது என்பது நமக்கு ஆறுதல். ஜூன், ஜூலை இரவுகளில் செடிக்கடியில் வெள்ளைத் துணி விரித்து, செடியை உலுக்கி டார்ச் அடித்தால் செத்ததுபோல் விழுந்து கிடக்கும். பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

ஒன்டாரியோவில் 2009 முதல் வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காக ரசாயனப் பூச்சிக்கொல்லி அடிக்கத் தடை இருப்பதால் மருந்து தேடி அலையவேண்டாம். புழுக்களைக் கொல்லும் நூற்புழுக்கள் கடைகளில் குளிர்பெட்டியில் வைத்து விற்கப்படுகின்றன. நூற்புழு என்றாலே ஊரில் தக்காளி வேரை முடிச்சாக்கும் பகைதான் நினைவுக்கு வரும்; இது வேறு இனம், செடியைத் தொடாது. ஹெட்டரோராப்டிட்டிஸ் இனத்தை ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதிக்குள் விடுங்கள். மண் வெப்பம் 12 டிகிரிக்கு மேல் இருக்கவேண்டும். முதலில் மண்ணை நனைத்து, வெயில் தாழ்ந்த பிறகு நூற்புழுக்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, இரண்டு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பகல் வெயிலில் ஊற்றினால் காசு வீண்.

செத்த ஹியூகெராவுக்குப் பதில் வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். வில்லோசா இனக் கலப்புள்ள ரகமாகக் கேளுங்கள். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உள்ள மவுண்ட் கியூபா மையம் என்ற தாவரவியல் தோட்டம் 2012 முதல் 2014 வரை ஹியூகெரா ரகங்களை நட்டு ஒப்பிட்டபோது அந்தக் கலப்புள்ளவைதான் நன்றாகத் தாக்குப்பிடித்தன. எலுமிச்சை நிற இலையுள்ள சிட்ரோனெல் அவற்றில் ஒன்று. மதிய வெயில் பட்டால் அந்த நிறம் வெளுத்துக் கருகும், உங்கள் நிழலில் பிரகாசிக்கும்.

ஹியூகெரெல்லாவில் விதைக்குக் காத்திருக்கவேண்டாம். ஹியூகெராவையும் டியாரெல்லாவையும் கலந்து 1912இல் பிரான்சின் நான்சி நகரில் லெமுவான் நாற்றுப்பண்ணை முதன்முதலில் உருவாக்கிய கலப்பினம் அது; இரு வேறு பேரினங்களின் கலப்பு என்பதால் விதை பிடிக்காது. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் குருத்தும் வேரும் இருக்குமாறு பிரித்து நடலாம். டியாரெல்லாவுக்கு அந்தச் சிரமமும் இல்லை. ஓடுதண்டு வேரூன்றிய இடத்தில் கத்தரித்துச் செப்டம்பர் முதல் வாரங்களில் இடம் மாற்றுங்கள். மண் உறைவதற்குள் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். கூன்வண்டுப் புழு இருப்பது உறுதியானால் மட்டும், இந்த ஆண்டு அக்கம்பக்கத்தாருக்குக் கன்று கொடுக்காதீர்கள்.