அம்மாவுக்கு ஒரு கல்வெட்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன கிழமை யாழ்ப்பாணத்தில் அம்மா காலமானா. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவு மலர்ப் புத்தகம்) அடிக்கும் பொறுப்பை அண்ணா என்னிடம் தந்திருக்கிறார். வீட்டிலுள்ள பழைய கல்வெட்டுகளில் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அம்மா அப்படியான ஆள் இல்லை. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடித் திரிந்தவ. கிளாலிக் கடனீரேரியால் இரவில் படகேறிப் போய் வந்தவ. எழுபது வயதில் சிவனொளிபாதமலை ஏறினவ. கையிலிருப்பதை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டு எங்களிடம் மூச்சும் விடமாட்டா. அவவின் சிநேகிதிகளுக்குத்தான் அதெல்லாம் தெரியும். இதையெல்லாம் எப்படி எழுதுவது?

க., ரொறன்ரோ

அன்புள்ள க.,

அம்மாவின் பிரிவுக்கு என் அனுதாபங்கள். நாள் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எல்லாவற்றையும் இந்தப் புத்தகத்திலேயே திணிக்க வேண்டாம். அச்சகத்துக்கு ஒரு கிழமை விட்டால் உங்கள் கையில் இரண்டு கிழமைதான் இருக்கிறது. இப்போது 16 பக்கம் போதும்: படம், இறந்த ஆண்டையும் திதியையும் சொல்லும் திதி வெண்பா, பஞ்சபுராணப் பாடல்கள், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, நன்றி நவிலல். சிநேகிதிகளின் பகுதியை ஒரு வருட நிறைவில் வரும் ஆட்டைத் திவசத்துக்குத் தனி மலராக்குங்கள். ஆனால் அவர்களிடம் கேட்பதை இன்றே தொடங்குங்கள், அவர்களுக்கும் வயதாகிறது. ‘பிள்ளைகள் புலம்பல்’, ‘மருமக்கள் புலம்பல்’ என்று காசுக்கு எழுதுவிக்கும் பாட்டுகளை விட்டுவிடலாம். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்துபவை முக்கியமாக அவைதான்.

திதி வெண்பாவில் பிழை வருவது ஆண்டுப் பெயரில். தமிழாண்டு சித்திரையில்தான் மாறும்; 2026 மார்ச்சில் இறந்தவருக்கும் விசுவாவசு ஆண்டுதான். திதி நள்ளிரவில் மாறுவதில்லை. இறந்த நேரத்தைச் சொல்லியே கேளுங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் திதி முடிவில் சில மணி நேரம் வித்தியாசம் வரும். ஆகவே கிரியை செய்யும் குருக்கள் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறாரோ அதையே வெண்பா எழுதுபவரும் பார்க்க வேண்டும்.

வாழ்க்கைக் குறிப்புக்கு முதலில் ஆண்டுகளை ஒழுங்குபடுத்துங்கள். யாருக்கும் ஆண்டு நினைவிருக்காது, ஊர் நடப்பு நினைவிருக்கும். யாழ்ப்பாண நூலகம் எரிந்தது 1981 ஜூன். இந்திய ஆமியோடு சண்டை தொடங்கியது 1987 ஒக்டோபர். யாழ்தேவி ரயில் நின்றது 1990. மறுபடி யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபர். வலிகாமத்துச் சனம் சண்டையால் இடம்பெயர்ந்தது 1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 பாதை திறந்தது 2002, மூடியது 2006 ஓகஸ்ட். “பாதை பூட்டினதுக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேட்டால் பதில் வரும். கிளாலிப் பயணம் என்றால் பெரும்பாலும் இடப்பெயர்வுக்கு முந்திய இரண்டு மூன்று வருடங்களாகத்தான் இருக்கும். சிவனொளிபாதமலைக்குச் சனம் போகும் பருவம் டிசம்பர் பௌர்ணமி தொடக்கம் மே வெசாக் வரை. யாராவது ஓகஸ்ட் என்றால் இன்னொருவரிடமும் விசாரியுங்கள். வெளிநாட்டுப் பயணங்களுக்குப் பழைய கடவுச்சீட்டின் முத்திரைகளே போதும். பிறந்த தேதி அடையாள அட்டையில் ஒன்று, சாதகத்தில் ஒன்று என்று இருந்தால் நான் சாதகத்தை நம்புவேன். பிறந்த நேரத்தோடு எழுதியது அதுதான்.

‘துணிச்சல் மிக்கவர்’ என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. மோட்டார்சைக்கிளையே எடுங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைப்பதே அருமை. குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் பற்றாது. சூப்பிப் போத்தலில் (குழந்தைக்குப் பால் கொடுக்கும் போத்தல்) வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சம் காபரேட்டருக்குள் பீச்சி ஸ்ரார்ட் எடுத்து, சூடேறும்வரை அணையாமல் பிடிக்க வேண்டும். புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், நடுவழியில் நிற்கும். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டத் தெரியாதவர் அன்று தூரம் போயிருக்க முடியாது. அம்மா பிளக் சாவியை எங்கே வைத்திருந்தா, பின்னால் யாரை ஏற்றிப் போனா, எதற்காகப் போனா? இவற்றை எழுதினால் துணிச்சல் என்ற சொல்லே தேவைப்படாது.

சிநேகிதிகளிடம் “அம்மா எப்படிப்பட்டவ?” என்று கேட்டால் “தங்கமான மனுசி” என்பார்கள், அதோடு கதை முடிந்துவிடும். “கடைசியாக எதுக்கு உங்களோடு சண்டை பிடிச்சவ?”, “மலைக்குப் போகேக்க பையில என்ன கொண்டுவந்தவ?”, “இரவல் தந்ததைத் திருப்பிக் கேட்டவவா?” என்று கேளுங்கள். தொலைபேசியில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுக்காமல், பதிவு செய்வதாகச் சொல்லிவிட்டுப் பதியுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். அவர்களின் பேச்சுத் தமிழைத் திருத்த வேண்டாம்.

கொடுத்த கதைகளில்தான் அதிக கவனம் வேண்டும். பொருளையும் அளவையும் காலத்தையும் எழுதுங்கள். வாங்கியவர் பெயரை எழுதாதீர்கள். ‘அயலில் ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம் ரியூசன் காசு கட்டினா’ என்றால் போதும். சிறிய ஊரில் வீட்டு அடையாளம் சொன்னாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள், அதையும் தவிருங்கள். அந்தப் பிள்ளை தானே எழுத விரும்பினால் அது வேறு.

வம்சாவளியை ஒவ்வொரு கிளைக் குடும்பத்துக்கும் தனித்தனியாக அனுப்பிச் சரிபார்ப்பியுங்கள். உயிரோடிருக்கும் சித்தப்பாவுக்கு ‘அமரர்’ போட்டு அடித்த கல்வெட்டுகள் உண்டு. அந்தக் கோபம் லேசில் ஆறாது.

பழைய படங்களைப் போனில் எடுக்காமல் 600 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியூமென்ராக அனுப்புங்கள். நீங்கள் யூனிகோட்டில் தட்டியதை அச்சகம் பாமினி எழுத்துருவுக்கு மாற்றினால் ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, கொம்புகள் குழம்பலாம். ஆகவே கடைசிப் புரூஃபைத் தாளில் எடுத்து யாழ்ப்பாணத்தில் ஒருவர் வாசிக்க வேண்டும். நடுவில் கம்பி குத்தும் புத்தகத்தின் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். எழுத்து 18 பக்கம் வந்தால் இரண்டைக் குறையுங்கள், அல்லது இரண்டு பக்கத்துக்குப் படம் சேருங்கள்.

அச்சான பிறகு ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். அவர்களின் இணைய நூலகத்தில் நினைவு மலர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது.